சீட்டில் பொய் கூடாது

ஜனவரி 5, ஞாயிறு

லென்ஸ் கம்பெனிக்காரர் கடைக்கு வந்து ஆளுக்கொரு டைரி கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் பெரிய மூக்குக்கண்ணாடிப் படம். நாள் முழுக்கக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவளுக்கு வீட்டிலும் கண்ணாடிதானா? போகட்டும், ஓசியில் வந்தது.

முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை எல்லாம் கேட்டிருந்தார்கள். தமயந்தி. ஓ பாசிட்டிவ். ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் ஜெசிந்தா என்று எழுதினேன். ‘உறவுமுறை’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஏழு வருடமாகத் திருச்சி புத்தூரில் ஒரே மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவள் இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்தும் நான் கடையிலிருந்தும் வந்ததும் ஒரே சோபாவில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுகிறோம். இதையெல்லாம் எழுத அந்தக் கோட்டில் இடம் போதாது. காலியாக விட்டுவிட்டேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த எங்கள் விதிகள் காகிதம் கிழிந்துவிட்டது, அதை இதில் ஏற்றி வை என்றாள் ஜெசி. ஏற்றுகிறேன்.

ஒன்று. வெளிவந்து ஆறு மாதம் ஆகாத ஆட்டத்தை வாங்கக் கூடாது. புது ஆட்டம் என்றால் கோளாறு இல்லாமல் இருக்காது. நாங்கள் இரண்டு பாகம் ஆடி முடித்த கழுதை ஆட்டத்துக்கு மட்டும் விலக்கு.

இரண்டு. கையில் இருப்பதை முடிக்காமல் அடுத்தது கிடையாது. (இதை ஜெசி நூறு தடவை மீறியிருக்கிறாள். பெரிய மனது பண்ணி விட்டிருக்கிறேன்.)

மூன்று. இரண்டு பேர் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆட முடியாது என்றால் அந்த ஆட்டம் வேண்டவே வேண்டாம்.

நான்கு. வாங்கிய ஆட்டத்தை ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி திறக்கக் கூடாது. ஆரம்பப் பாட்டைக்கூடக் கேட்கக் கூடாது.

ஐந்து. எதை வாங்குவதென்றாலும் சீட்டு. ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ எழுதி மடித்து, கடலை மிட்டாய் டப்பாவில் போட்டு, ஒன்றாகப் பிரிக்க வேண்டும். இரண்டும் ‘சரி’ என்றால்தான் வாங்கலாம். சீட்டில் பொய் கூடாது.

இந்த ஐந்தாவது விதி சும்மா வரவில்லை. முதல் வருடம் ஒரு கார் பந்தய ஆட்டம் வாங்கினோம். அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்து நான் தலையாட்ட, எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து அவள் தலையாட்ட, இரண்டு பேருக்கும் அறவே பிடிக்காத காரை நான்கு மாதம் ஓட்டிக்கொண்டிருந்தோம். உண்மை தெரிந்த அன்று சிரித்துச் சிரித்து ஜெசிக்கு விக்கல் வந்துவிட்டது. அன்றே டப்பா வந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

போன வாரம் ஜெசியைப் பார்த்துவிட்டுப் போன திண்டுக்கல்காரர்களுக்குப் பிடித்துவிட்டதாம். மாப்பிள்ளை பெயர் எட்வின். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பரவாயில்லை, மீசை அளவாக இருக்கிறது.

ஜெசி மத்தியானம் முழுக்க வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“தமா, சீட்டு போடலாம்டி.”

“ஏய், இது என்ன கேமா?”

“எனக்கு வேற வழி தெரியலை. நீ வேண்டாம்னு போட்டா, இப்பவே அப்பாவுக்குப் போன் பண்ணி வேண்டாம்னுடுவேன். மாதா சத்தியமா.”

எழுதினோம். என் பேனா சரியாக எழுதவில்லை, கொஞ்சம் கிறுக்கிப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. பிரித்தோம். இரண்டும் ‘சரி’. என் சீட்டை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டாள்.

“ஆகஸ்ட் இருபத்திரண்டு கழுதை மூணாம் பாகம் வருதுல்ல? உலகமே இடிஞ்சாலும் அன்னைக்கு இந்த சோபால இருப்பேன்” என்றாள்.

நல்ல இடம். நல்ல குடும்பம். எனக்குச் சந்தோஷம்தான். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது, மாற்றினேன். ரெகுலேட்டர் மூன்று தடவை வழுக்கிவிட்டது.

மே 12, திங்கள்

கல்யாணம் நன்றாக நடந்தது. பிரியாணியில் உப்பு கம்மி.

மே 18, ஞாயிறு

ஜெசியின் பெட்டிகளை எடுத்துப்போக வேன் வந்தது. அவளுக்குத் திண்டுக்கல் கிளைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. துணிமணி, மிக்ஸி, மாதா படம் எல்லாம் போனது. சோபா என்னுடையது, கன்சோலும் என்னுடையது. அவளுடைய நீலக் கன்ட்ரோலரை மட்டும் அவளே எடுத்து சோபாவின் இடது பக்கம் வைத்தாள்.

“கழுதை இங்கயே இருக்கட்டும். நான்தான் வருவேன்ல.”

இதை எழுதி வைக்காவிட்டால் பின்னால் எனக்கே புரியாது. கழுதை ஆட்டத்தில் இரண்டே பேர். ஒரு கிழட்டுத் தபால்காரர், ஒரு கழுதை. மலை மலையாக ஏறிக் கடிதம் கொடுக்க வேண்டும். கழுதை இல்லாமல் தபால்காரர் ஓர் அடி நகர முடியாது, தபால்காரர் இல்லாமல் கழுதையும் நகராது. தனி ஆளாக ஆடவே வழியில்லை. இரண்டு பாகமும் நான்தான் தபால்காரர், அவள்தான் கழுதை. கறுப்பு என்னுடையது, நீலம் அவளுடையது.

ஜூன் 11, புதன்

கடையில் இருக்கும்போது போனில் ஒரு செய்தி. ‘உங்கள் கணக்கு புதிய கருவியில் திறக்கப்பட்டது. இடம்: திண்டுக்கல்.’ எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கணக்குதான். அறிவிப்பு, பதக்கம், எல்லாம் என் போனுக்குத்தான் வரும். ஆட்டத்தில் ஒரு கட்டம் முடித்தால் விழும் பதக்கம்கூட இங்கேதான் வரும் என்பது ஜெசிக்கு இன்றுவரை தெரியாது. அந்த மாதிரி வேலையெல்லாம் எப்போதும் என் தலையில்தான்.

சாயங்காலம் கேட்டேன். “போன் மாத்தினேன்டி, அதுவா இருக்கும்” என்றாள்.

அதுவாகத்தான் இருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

ஜெசி போன் செய்தாள். பத்து நிமிடம் பேசினாள், அதில் ஆறு நிமிடம் அவள் அத்தையின், அதாவது மாமியாரின், மூட்டுவலி. எட்வின் வீட்டில் கேம் உண்டா என்று கேட்டேன்.

“சும்மா இரு தமா. டிவி முழுக்க அத்தையோட சீரியல்தான். முப்பத்திமூணு வயசுல கழுதையா ஆடுறேன்னு இங்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? நான் விட்டாச்சுடி அதெல்லாம்.”

“ஆகஸ்ட் இருபத்திரண்டு?”

“அது வேற. அது நம்மளோடது.”

அம்மா போன் செய்து கரூரில் ஒரு வரன் என்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். வேலை எதுவும் இல்லை. துணி மடித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

கழுதை மூன்றுக்கு முன்பதிவு ஆரம்பமாகிவிட்டது. விதி விதிதான், போனிலேயே சீட்டு போட்டோம். ஆளுக்கொரு காகிதத்தில் எழுதி, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் படம் எடுத்து அனுப்பினோம். இரண்டும் ‘சரி’. அவள் படத்தில் பின்னால் ஒரு நீலத் திரைச்சீலை தெரிந்தது. நல்ல நிறம்.

வாங்கிவிட்டேன். முதலாளியிடம் ஆகஸ்ட் 22, 23 லீவு கேட்டேன். “என்னம்மா, வீட்ல விசேஷமா?” என்றார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை ஏழு மணிக்கு ஜெசி போன். அத்தைக்குத் திடீரென்று ஆஸ்பத்திரி செக்கப்பாம், நகர முடியாதாம். அடுத்த சனிக்கிழமை கட்டாயம் வருகிறாளாம். அழுகிற குரலில்தான் சொன்னாள். பாவம்.

ஆட்டம் கன்சோலில் இறங்கிவிட்டது. திரையில் கழுதை படம் வந்து நிற்கிறது. நான் திறக்கவில்லை. சோபா உறையைத் துவைத்தேன். அவளுக்கென்று வாங்கி வைத்த முட்டை பப்ஸையும் நானே தின்றேன். லீவு வீணாகிவிட்டதே என்று கடைக்குப் போய் நின்றேன். விசேஷம் என்ன ஆயிற்று என்று முதலாளி கேட்டார். தள்ளிப்போட்டாயிற்று என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மத்தியானம் போனில் ஒரு பதக்கம் வந்து விழுந்தது. ‘கழுதை 3: முதல் கடிதம் சேர்ந்தது.’

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். டிவி அணைந்து கிடக்கிறது. யார் கடிதத்தை யார் சேர்த்தார்கள்?

புது ஆட்டம் என்றால் இப்படித்தான், கோளாறு. இதற்குத்தானே முதல் விதி.

ஆகஸ்ட் 25, திங்கள்

‘கழுதை 3: பனிக்கணவாயைக் கடந்தாயிற்று.’ இந்தக் கம்பெனிக்காரர்கள் ஆட்டத்தை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காமலே வெளியிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலையில் ஒரு பெரியவர் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு வந்தார். “ஏம்மா, இதைப் போட்டா தரையெல்லாம் சாயுதே!” வலது கண் பவரை இடது பக்கம் வெட்டிப் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. முதலாளி தானே வேறு லென்ஸ் எடுத்து நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கணக்கைத் திறந்து பார்த்தேன். இதுவரை பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம். ‘ஆடிய நேரம்: ஏழு மணி நேரம். கருவி: திண்டுக்கல்.’ வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஆரம்பித்திருக்கிறார்கள். அத்தையின் செக்கப் அன்று.

ஆமாம், ஆரம்பித்திருக்கிறார்கள். தனி ஆளாக ஆட முடியாத ஆட்டம் அது. ஒரு சோபா வேண்டும். இரண்டு பேர் வேண்டும்.

கட்டின புருஷனோடு ஆடுகிறாள், இதில் உனக்கென்னடி வயிற்றெரிச்சல் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆடட்டும், யார் வேண்டாம் என்றது? எட்வின் ஆசைப்படுகிறார், நாம் ஆடி முடித்த பாகத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே போய்ச் சொல்லிக்கொடுத்திருப்பேன். டிவியில் சீரியல்தான் என்றாளே. விட்டாச்சு என்றாளே. அது நம்மளோடது என்றாளே. நான் வாங்கி, நானே தொடாமல் வைத்திருக்கிற ஆட்டம்!

மோர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பதினோரு மணி நேரம்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். “தமா, நீ திறக்கலைல்ல? நான் வர்றதுக்குள்ள தொட்ட, கொன்னுடுவேன்.”

“தொடலை.”

“சத்தியமா?”

என்னிடம் சத்தியம் கேட்கிறாள். இந்த நெஞ்சழுத்தத்தை இவள் எங்கே கற்றாள்?

“சத்தியமா” என்றேன். என் சத்தியம் உண்மையானது.

ஆகஸ்ட் 30, சனி

பதினொன்றரைக்கு வந்தாள். கையில் திண்டுக்கல் பிரியாணி. முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, அழகாகத்தான் இருந்தாள். வாசலிலேயே கட்டிப்பிடித்து “என் செல்லம், எனக்காகத் தொடாம வெச்சிருந்தியா!” என்றாள். பவுடர்கூட மாற்றிவிட்டாள்.

நேராகப் போய் சோபாவின் வலது பக்கம் உட்கார்ந்தாள். கறுப்புக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள்.

“ஜெசி, அது தபால்காரரோடது.”

“அட, ஆமால்ல! மூணு மாசத்துல எல்லாம் மறந்துபோச்சு பாரு.” நாக்கைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் நகர்ந்தாள்.

ஏழு வருடம் கழுதையாக இருந்தவள். திண்டுக்கல்லில் யார் கழுதை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஆட ஆரம்பித்தோம். ஆரம்பப் பாட்டு நன்றாக இருந்தது. முதல் மலையில் அவள் ஒன்றும் தெரியாதவள்போல அங்கே முட்டி இங்கே முட்டினாள். “இந்தக் கதவு எப்படிடி திறக்கும்?” என்று இரண்டு தடவை கேட்டாள். நான் யோசித்துத் திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். அந்தப் பொறுமை ஜெசிக்குக் கிடையாது. ஏழு வருடத்தில் ஒரு கதவுக்குக்கூட அவள் காத்திருந்ததில்லை.

இரண்டாவது மலையில் ஒரு மரப்பாலம். பாதி தூரம் போனேன். கழுதை பின்னாலேயே வந்தது. திடீரென்று நின்று இரண்டடி பின்வாங்கியது. அதற்கப்புறம்தான் பாலம் உடைந்தது. அதற்கும் அப்புறம் ஜெசி “ஐயோ!” என்று கத்தினாள்.

முதலில் பின்வாங்கினாள். பிறகு பயந்தாள். எனக்காகப் பயந்து காட்டினாள்! ஆடினதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நடித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தபால்காரர் பள்ளத்தில் விழுந்து செத்தார்.

“சே! இப்படி உடையும்னு யாருக்குத் தெரியும்?” என்றாள்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போய் டப்பாவை எடுத்து வந்தேன்.

“ஒரு சீட்டு போடலாம்.”

“இப்பவா? எதை வாங்கப் போற?”

“வாங்க இல்ல. ஒரே ஒரு கேள்வி. இதுக்கு முன்னாடி இந்த ஆட்டத்தை ஜெசிந்தா ஆடியிருக்காளா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு. நானும் எழுதறேன், நீயும் எழுது.”

“லூசாடி நீ?” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. காகிதத்தை நீட்டினேன்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நேரமும் நான் வேண்டிக்கொண்டிருந்தேன், எழுதிவிடுடி, ஆமா என்று எழுதிவிடு என்று. எழுதியிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு, டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிரியாணியைச் சூடு பண்ணப் போயிருப்பேன். நிஜமாகவே போயிருப்பேன்.

மடித்துப் போட்டோம். ஒன்றாகப் பிரித்தோம்.

அவள் சீட்டில் ‘இல்லை’.

என் சீட்டில் ‘ஆமா. திண்டுக்கல். பதினோரு மணி நேரம்.’

என் சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “எப்படி...” என்றாள்.

“என் போன்ல வருதுடி எல்லாம். முதல் கடிதத்துலேர்ந்து.”

“தமா, நான் சொல்லணும்னுதான்...”

“எப்போ? அடுத்த பாகத்துலயா?”

அழ ஆரம்பித்தாள். “அவருக்கும் எனக்கும் பேசறதுக்கே ஒண்ணும் இல்லடி. கல்யாணமாகி ஒரு மாசம் ரெண்டு பேரும் ரூம்ல மூஞ்சிய மூஞ்சியப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தோம். ஒருத்தரோட பழகறதுன்னா எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். அவர் கன்சோல் வாங்கினார். பழைய ஆட்டம் ரெண்டும் ஆடினோம். அப்பதான் அவர் முதல்தடவையா வாய்விட்டுச் சிரிச்சார். இது வந்தன்னைக்கு, அவர் ஆசையாக் கேட்டார். என்னால முடியாதுன்னு சொல்ல முடியலை.”

“அதைச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா நீ உடைஞ்சு போயிருவன்னு... உனக்காகத்தான்டி மறைச்சேன்.”

“எனக்காக நீ எழுதக் கூடாதுன்னுதான்டி இந்த டப்பாவே!” என்று கத்திவிட்டேன். கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்திருப்பாள். பார்க்கட்டும்.

மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்பினாள். நீலக் கன்ட்ரோலரை எடுத்து அவள் பையில் திணித்தேன். “இதையும் கொண்டு போ. கழுதைக்குக் கொடு.” அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னேன்.

பிரியாணியை யாரும் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினேன். அரை மணி நேரம் கழித்துப் பழையதையே திரும்பப் போட்டேன். அவர்கள் எந்த மலையில் நிற்கிறார்களோ.

டப்பாவைக் குப்பையில் கொட்டலாம் என்று எடுத்தேன். ஏழு வருடச் சீட்டு. சரி, சரி, வேண்டாம், சரி. ஒன்றில் ஜெசி கழுதை படம் போட்டிருந்தாள். அடியில் இரண்டு சீட்டைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தி வைத்திருந்தது. மேலே அவள் கையெழுத்தில் ஜனவரி 19.

பிரித்தேன். அவளுடைய ‘சரி’ உருண்டையாக அழகாக இருந்தது. என்னுடையதில் முதலில் ‘வே’ என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் ‘சரி’ என்று எழுதியிருக்கிறது.

பேனா நன்றாகத்தான் எழுதியது. டைரிக்கு எதற்குப் பொய்? அன்றைக்கு எனக்கு எட்வினும் வேண்டாம், திண்டுக்கல்லும் வேண்டாம், எதுவும் வேண்டாம். அவள் அந்த சோபாவை விட்டு எழுந்து போவதே வேண்டாம். இதை எந்த உறவுமுறை என்று எழுதுவது என்று தெரியாமல்தான் அந்தக் கோட்டைக் காலியாக விட்டேன். அவள் வாழ்க்கையை என் சீட்டு கெடுக்கக் கூடாது என்று அடித்துவிட்டு ‘சரி’ போட்டேன். அவளுக்காக.

ஆக, இந்த டப்பாவில் முதல் பொய் என்னுடையது. நேற்று அவளைப் பார்த்து நான் கத்திய கத்தென்ன! பாவம், அவள் இந்த அடித்தலைக் கவனித்திருக்கமாட்டாள். கவனித்திருந்தால் அன்றே அப்பாவுக்குப் போன் போட்டிருப்பாள். மாதா மேல் சத்தியம் செய்தவள்.

ஒரு துண்டுக் காகிதம் எடுத்தேன். ‘வேண்டாம்’ என்று முழுதாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். கீழே ‘ஜனவரி 19’ என்று தேதி போட்டேன். படம் எடுத்து ஜெசிக்கு அனுப்பினேன். ஏழு மாதம் தாமதம், இருந்தாலும் சீட்டில் பொய் இருக்கக் கூடாது.

உடனே பார்த்துவிட்டாள். எழுதுகிறாள், நிறுத்துகிறாள், திரும்ப எழுதுகிறாள் என்று போன் காட்டிக்கொண்டே இருந்தது. சாதத்துக்கு உலை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி வந்திருந்தது.

“அன்னைக்கே தெரியும்டி.”

தெரிந்துதான் போயிருக்கிறாள்.